பெற்றோர் கைபிடித்து வந்த பிள்ளைகள்

நாலு வயதுப் பிள்ளைக்கு எல்லைக் கோடு தெரியாது. உம்மா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டால் உடன் போகும். வாப்பா கைபிடித்து நடத்தினால் நடக்கும். அந்தப் பயணத்துக்கு விசா இருந்ததா, இருந்த விசா எந்தத் தேதியோடு முடிந்தது என்பதெல்லாம் அது கேட்கிற கேள்விகள் அல்ல. ஆயினும் அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது, சட்டம் அந்தக் கேள்விகளைப் பெற்றோரிடம் அன்று, பிள்ளையிடமே கேட்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாறு இளம்பிராயத்தில் கொண்டுவரப்பட்டு, உரிய ஆவணம் ஏதுமின்றி வளர்ந்தவர்கள் பல இலட்சம் பேர் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் மெக்சிகோவையும் மத்திய அமெரிக்க நாடுகளையும் சேர்ந்தவர்கள். கொரியர், பிலிப்பைன்ஸ் நாட்டினர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், இந்தியர் ஆகியோரும் உண்டு. சிலர் இரவில் எல்லை கடந்து வந்தவர்கள். வேறு சிலர் முறையான சுற்றுலா விசாவில் விமான நிலையத்தில் முத்திரை பெற்று இறங்கி, தவணை முடிந்தபின் திரும்பாமல் தங்கிவிட்டவர்கள். இந்த இரு வகையாரையும் உலகம் ஒரே பெயரால் அழைக்கிறது. சட்டம் அப்படி நோக்குவதில்லை. அந்த ஒரு முத்திரை பிற்காலத்தில் ஒரு வாழ்க்கையையே தீர்மானித்துவிடுகிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் வீடுகளுக்குப் 'பொது மன்னிப்பு' என்னும் சொல் நன்கு பழக்கமானது. ஐக்கிய அரபு அமீரகம் 1996இலும் 2018இலும் 2024இலும் அதனை அறிவித்தபோது, ஆவணமின்றித் தங்கியவர்கள் அபராதமின்றி நாடு திரும்பவோ, நிலையைச் சரிசெய்துகொள்ளவோ வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்காவிலும் 1986ஆம் ஆண்டில் அதிபர் ரேகன் கையொப்பமிட்ட சட்டத்தின்வழி சுமார் 27 இலட்சம் பேர் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றனர். அத்தகைய பொதுச்சட்டம் அதன்பின் அங்கே ஒன்றுகூட நிறைவேறவில்லை. ஆகவே இன்று இப்பிள்ளைகளுக்கு அகன்ற வாசல் என்று ஒன்றில்லை. ஆங்காங்கே சிறு திட்டிவாசல்கள் மட்டுமே உள்ளன.

பள்ளி திறந்தது, பின் கதவு அடைபட்டது

டெக்சாஸ் மாநிலம் 1975இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆவணமற்ற பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் தருவதில்லை என்பது அதன் சாரம். அச்சட்டத்தைக் கொண்டு டைலர் என்னும் ஊரின் பள்ளி நிருவாகம் அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1000 டாலர் கட்டணம் கேட்டது. கூலி வேலை செய்து பிழைக்கும் மெக்சிகோக் குடும்பங்களுக்கு அது எட்டாத தொகை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1982 ஜூன் 15ஆம் நாள் தீர்ப்பாயிற்று. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளையைத் தண்டிப்பது நீதிக்குப் பொருந்தாது என்னும் கருத்தை நீதிபதி பிரென்னன் பெரும்பான்மைத் தீர்ப்பில் எழுதினார். அன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் இப்பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உறுதியாயிற்று.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் விளைவு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்து படிக்கிறது. காலையில் எழுந்து நின்று அந்நாட்டுக் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறது. அந்நாட்டு மொழியிலேயே கனவு காண்கிறது. தான் வேறு என்பதை அறிவதேயில்லை. பதினாறாம் வயதில் வாகன ஓட்டுநர் உரிமம் பெறப் போகும்போதோ, பகுதிநேர வேலைக்கு மனுச் செய்யும்போதோ, கல்லூரி உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போதோதான் வீட்டில் ஓர் அமைதி நிலவுகிறது. 'உனக்கு அந்த எண் கிடையாது' என்று அப்போதுதான் உம்மா வாய் திறக்கிறாள்.

ஹோசே அந்தோனியோ வார்காஸ் என்னும் பத்திரிகையாளரின் வரலாறு இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பிலிப்பைன்ஸிலிருந்து 1993இல், தம் 12ஆம் வயதில், கலிபோர்னியாவில் இருந்த பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். பதினாறாம் வயதில் ஓட்டுநர் உரிமம் வேண்டிப் போனபோது, அங்கிருந்த அலுவலர் அவரது கிரீன் கார்டைப் பார்த்துவிட்டு அது போலி என்றார். பாட்டனார் விலைக்கு வாங்கிக் கொடுத்தது அது என்பதை அன்றுதான் பேரன் அறிந்தார். பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற செய்திக் குழுவில் ஒருவராக உயர்ந்த அவர், 2011இல் தம் நிலையை வெளிப்படையாக எழுதி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

கனவுச் சட்டமும் கைவிடப்பட்ட நாளும்

பிறந்தது பிரேசிலில், பெற்றோர் கொரியர், வளர்ந்தது சிகாகோவில் என்ற நிலையிலிருந்த தெரேசா லீ என்னும் பியானோ இசை மாணவியின் இடர்ப்பாடு, செனட் உறுப்பினர் டிக் டர்பினின் செவிக்கு எட்டியது. அவரும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஆரின் ஹாட்சும் சேர்ந்து 2001 ஆகஸ்டில் முன்மொழிந்ததே 'டிரீம்' சட்ட முன்வரைவு. இளம்பிராயத்தில் வந்து, படிப்பை முடித்து, ஒழுங்காக வாழ்வோர்க்கு நிரந்தர உரிமையும் காலப்போக்கில் குடியுரிமையும் தரலாம் என்பது அதன் நோக்கம். அது குறித்த விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் 2001 செப்டம்பர் 12. அதற்கு முந்தைய நாள் நியூயார்க்கில் நிகழ்ந்ததை உலகறியும். விசாரணை நடைபெறவில்லை.

அதன்பின் பலமுறை உருமாறி அம்முன்வரைவு வந்துகொண்டேயிருந்தது. 2010 டிசம்பரில் கீழவை 216க்கு 198 என்னும் கணக்கில் நிறைவேற்றியது. மேலவையில் 60 வாக்குகள் வேண்டியிருக்க, 55தான் கிடைத்தன. 2019இலும் 2021இலும் கீழவை மறுபடி நிறைவேற்றியது, மேலவை அசையவில்லை. இரு கட்சியினரும் சேர்ந்து பெற்ற பிள்ளையை இரு கட்சியினரும் சேர்ந்தே அனாதையாக்கினர் என்று சொன்னால் அது மிகையாகாது.

சட்டமன்றம் கைவிட்ட நிலையில், அதிபர் ஒபாமா 2012 ஜூன் 15 அன்று ஒரு நிருவாக ஏற்பாட்டை அறிவித்தார். பள்ளித் தீர்ப்பு வெளிவந்து சரியாக முப்பதாண்டு நிறைந்த நாள் அது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாகா' என்று அதனை வழங்குகின்றனர். (வங்காளதேசத் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) பதினாறு வயது நிரம்புமுன் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அங்கேயே வசித்திருக்க வேண்டும், அறிவிப்பு நாளில் 31 வயது நிரம்பியிருக்கக் கூடாது, படித்துக்கொண்டோ, பள்ளிப் படிப்பை முடித்தோ, படையில் பணியாற்றி நற்பெயருடன் விடுபட்டோ இருக்க வேண்டும், பெரிய குற்றங்களில் தண்டனை பெற்றிருக்கலாகாது. இவை நிறைந்தால் ஈராண்டுக்கு நாடு கடத்தல் இல்லை, வேலை செய்யும் அனுமதியும் உண்டு; தவணை முடியுமுன் புதுப்பித்துக்கொள்ளலாம். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் பயனடைந்தனர். மேலே சொன்ன வார்காஸுக்கு அன்று 31 வயது கடந்து நாலு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

இதில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். டாகா ஒரு குடியேற்ற உரிமை அன்று. தண்டனையைத் தள்ளிவைத்தல் மட்டுமே. அதன் வழியே நேராகக் கிரீன் கார்டுக்குப் பாதை இல்லை. அதிபர் டிரம்பின் அரசு 2017 செப்டம்பரில் அதனை நிறுத்த முனைந்தது. நிறுத்திய முறை சரியில்லை என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்னும் வாக்கில் தடுத்தது. மறுபுறம் டெக்சாஸ் மாநிலம் தொடுத்த வழக்கில் 2021 ஜூலையில் நீதிபதி ஹேனன், இத்திட்டமே சட்டத்துக்குப் புறம்பானது என்றார். அன்றிலிருந்து புதியவர்களின் மனுக்கள் பெறப்பட்டும் தீர்க்கப்படாமல் கிடந்தன. ஏற்கெனவே பெற்றவர்கள் புதுப்பித்து வந்தனர். 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை டெக்சாஸ் எல்லைக்குள் சுருக்கி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. 2025இல் டாகா வைத்திருந்தோர் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். அவ்வாண்டில் அவர்களுள் சிலரும் கைது செய்யப்பட்டனர். 2007க்குப்பின் வந்த பிள்ளைகளுக்கோ இத்திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இடமில்லை. இன்று பள்ளியிறுதி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அனேகமாக அவர்கள்தாம்.

முத்திரை ஒன்று, வயது மூன்று

எஞ்சியுள்ள திட்டிவாசல்கள் எவை? இங்கேதான் அந்த விமான நிலைய முத்திரை முன்வருகிறது.

முறையாகப் பரிசோதிக்கப்பட்டு நுழைந்து, பின் தவணை மீறித் தங்கியவர் ஒருவர், அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மெய்யாக மணந்தால், நாட்டைவிட்டு வெளியேறாமலேயே நிரந்தர உரிமைக்கு மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. எல்லையை ஒளிந்து கடந்து வந்தவருக்கு அதே திருமணம் அந்த உரிமையைத் தருவதில்லை. அவர் தம் பிறந்த நாட்டுக்குப் போய் விசா பெற வேண்டும். போகும் அக்கணமே 1996ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் பிடித்துக்கொள்கிறது: ஆவணமின்றி 180 நாளுக்கு மேல் தங்கியவருக்கு மூன்றாண்டு, ஓராண்டும் அதற்கு மேலும் தங்கியவருக்குப் பத்தாண்டு மீள்வருகைத் தடை. குடியுரிமையோ நிரந்தர உரிமையோ உள்ள வாழ்க்கைத் துணைக்கோ பெற்றோருக்கோ மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று மெய்ப்பித்தால் விலக்கு உண்டு. 2013 முதல் அந்த விலக்கை வெளியேறுமுன்பே கோரிப் பெறலாம். பிள்ளைகள் படும் துன்பம் இக்கணக்கில் தனித்து எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பது விந்தையிலும் விந்தை.

இக்கணக்கில் ஒரு கருணை உண்டு. பலர் அதை அறியாமலே இழக்கின்றனர். பதினெட்டு வயது நிரம்பும் வரை தங்கிய நாட்கள் இத்தடைக்குக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே பதினெட்டரை வயதுக்குள் வெளியேறி, கல்வி விசாவோ வேறு விசாவோ கோரும் பிள்ளை மீது இந்தத் தடை விழாது. பதினெட்டரைக்கு முன்பே டாகா பெற்று, இடைவெளியின்றிப் புதுப்பித்தவர் மீதும் விழாது. விசா கிடைத்தே தீரும் என்பதன்று. ஆனால் கதவில் பூட்டு இராது. அந்த வயதில் அந்த உண்மையைப் பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே!

டாகா பெற்றவர்களுக்கு முன் அனுமதி பெற்று வெளிநாடு சென்று திரும்பும் ஒரு வழியும் இருந்துவந்தது. படிப்பு, வேலை, மனிதாபிமானக் காரணங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே அது. நோயுற்ற பாட்டியைக் காணவோ, ஜனாஸாவில் கலந்துகொள்ளவோ செல்வது மூன்றாம் வகையில் அடங்கும். இவ்வாறு சென்று, அனுமதியோடு திரும்பி நுழைந்தவர் முன்பு எல்லையை ஒளிந்து கடந்தவராயினும், இப்போது முறையாக உள்ளே விடப்பட்டவராகிறார். அதன்பின் குடிமகளை மணந்திருந்தால் உள்ளிருந்தே மனுச் செய்யலாம். இப்படிச் செல்வதால் பத்தாண்டுத் தடை விழாது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2012இல் தீர்த்தது. அவ்வழக்கின் மனுதாரர்கள் ஓர் இந்தியத் தம்பதியர். எனினும், அனுமதித் தாள் கையில் இருந்தும் விமான நிலையத்தில் மறுக்கப்படும் அபாயம் உண்டு. வழக்கறிஞரைக் கலக்காமல் யாரும் விமானம் ஏறலாகாது.

திருமணம் பற்றி நம் குடும்பங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை உள. பள்ளிவாசலில் நிக்காஹ் ஓதப்பட்டு, மாநில அரசின் திருமண உரிமம் பெறாமல் விட்டிருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் அது சட்டப்படி திருமணம் ஆகாது. அதனைக் காட்டிக் குடியேற்ற மனுச் செய்யவும் இயலாது. 'காகிதத்துக்காக' ஒரு திருமணம் செய்துவிடலாம் என்று ஆலோசனை கூறும் உறவினர்களும் உண்டு. அது பொய்த் திருமணம் என்று முடிவானால், பின்னர் ஒரு மெய்யான திருமணம் நடந்தாலும் அந்த மனுவுக்கு ஒப்புதல் கிடைக்காது. அவ்வாறே, தாய்தந்தையற்ற தம்பி மகனைச் சாச்சா எடுத்து வளர்ப்பது நம்மிடையே பெரும் நன்மை. ஆனால் சட்டப்படித் தத்தெடுப்பு பதினாறு வயதுக்குள் நிறைவேறி, ஈராண்டு உடன்வாழ்வும் இருந்தால்தான் குடியேற்றச் சட்டம் அவனைப் பிள்ளையாக ஏற்கும். வெறும் பராமரிப்புப் பொறுப்பை அது பிள்ளையுறவாகக் கொள்வதில்லை.

பெற்றோரில் ஒருவரேனும் கைவிட்டோ, துன்புறுத்தியோ, புறக்கணித்தோ இருந்தால், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளை மாநில நீதிமன்றத்தின் ஆணை பெற்றுத் தனிச்சலுகை கோரலாம். 1990இல் ஏற்பட்ட இவ்வழி 2008இல் விரிவாக்கப்பட்டது. கொடுங்குற்றத்துக்கு ஆளாகிக் காவல் துறைக்கு உதவியவருக்கான விசா ஆண்டுக்கு 10,000தான். அதற்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. குடிமகனான கணவன் கொடுமைப்படுத்தினால் அவன் தயவின்றித் தானே மனுச் செய்யும் உரிமை மனைவிக்கு 1994 முதல் உண்டு. சொந்த நாட்டில் உயிருக்கு அச்சமுள்ளோர் ஓராண்டுக்குள் அடைக்கலம் கோர வேண்டும். சிறுவர்க்கு அக்கெடுவில் தளர்வு உண்டு. 1972 ஜனவரி 1க்கு முன் வந்து தொடர்ந்து வசிப்போர்க்கென ஒரு பதிவு முறையும் இருக்கிறது. அத்தேதியை 1986க்குப்பின் நகர்த்தவேயில்லை. அன்று கைக்குழந்தையாக வந்தவரும் இன்று பேரன் பேத்தி கண்டிருப்பார்.

படிப்புச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2001இல் உள்ளூர் மாணவர்க்கான கல்லூரிக் கட்டணத்தை இப்பிள்ளைகளுக்கு முதன்முதல் வழங்கியது டெக்சாஸே. 2025 ஜூனில் நடுவண் அரசு வழக்கிட, மாநிலமும் உடன்பட்டு, அச்சலுகை ஒரே நாளில் முடிவுக்கு வந்தது.

நம் சமுதாயம் கண்டது

2002 இறுதியில், 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆடவர் அனைவரும் நேரில் வந்து பதிய வேண்டும் என்று அமெரிக்க அரசு ஆணையிட்டது. வடகொரியா தவிர மற்றவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ மிகுதியாகவோ வாழும் நாடுகள். பாகிஸ்தானும் வங்காளதேசமும் இருந்தன, இந்தியா இல்லை. சட்டத்தை மதிப்போம் என்று நம்பித் தாமாகவே வரிசையில் நின்றவர்களுள் 13,000க்கு மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கும் அவ்வாணை பொருந்தியது. தந்தையோடு வரிசையில் நின்றபோதுதான் தன் நிலையை அறிந்த மகன்களும் இருந்திருக்க வேண்டும். அந்த விதி 2016 டிசம்பரில் முற்றாக நீக்கப்பட்டது. ஆனால் அரசு அலுவலகப் படியேறினால் ஆபத்து என்னும் அச்சம் அக்குடும்பங்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது. உரிமையுள்ள மனுக்களையும் போடாமல் பலர் ஒதுங்கிவிட அதுவும் ஒரு காரணம்.

தமிழகத்திலிருந்து கணினிப் பணிக்குச் சென்றோரின் பிள்ளைகளுக்கும் இதற்கு ஒப்பான ஓர் இடர் உண்டு. பணி விசாவில் தந்தை செல்ல, சார்பு விசாவில் மூன்று வயதில் சென்ற மகள் முழுதும் சட்டப்படியே வளர்கிறாள். எந்த ஒரு நாட்டினருக்கும் ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்னும் வரம்பால், இந்தியர் வரிசை பல்லாண்டு நீள்கிறது. அவளுக்கு 21 வயது நிரம்பியதும் சார்பு விசா அற்றுப்போகிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வயதுக் கணக்கில் சிறிது கழிவு தருகிறது. நீண்ட வரிசைக்கு அது போதுவதில்லை. டாகாவோ, அறிவிப்பு நாளில் சட்டப்படியான நிலை இல்லாதவர்க்கு மட்டுமே. சட்டத்தை மீறாமல் இருந்ததே அவளுக்குத் தடையாகிறது! மாணவர் விசாவுக்கு மாறுவது, அன்றேல் பெற்றோரைப் பிரிந்து திரும்புவது என்பவையே அவள் முன் உள்ளவை. பெண் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இதைப் பற்றிப் பேசத் தொடங்கும் பெற்றோர் மிகச் சிலரே.

மறைத்து வளர்ப்பதன் விலை

பெற்றோர் ஏன் மறைக்கின்றனர் என்பது விளங்காததன்று. பிள்ளையின் மனம் உடைந்துவிடும். பள்ளியில் தோழர்களிடம் உளறிவிடும். அக்கம்பக்கத்தார்க்குத் தெரிந்தால் மானம் போகும். இவை யாவும் மெய்யான அச்சங்களே. ஆயினும் பத்து வயதில் மறைப்பதற்கும் பதினாறில் மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பதினாறு, பதினெட்டரை, இருபத்தொன்று என்று சட்டம் வைத்துள்ள வயதுகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அறியாமல் வளரும் பிள்ளை செய்யக்கூடிய பெருந்தவறு ஒன்று உண்டு. வேலைப் படிவத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்னும் கட்டத்தில் ஒரு கோடு இட்டுவிடுதல். அல்லது வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுதல். குடியுரிமை உண்டெனப் பொய் உரைத்தால் வாழ்நாள் தடை என்பது 1996 முதல் சட்டம். தவணை மீறலுக்கு மன்னிப்புண்டு, ஒளிந்து நுழைந்ததற்கும் வழியுண்டு. இதற்கு மட்டும் கிரீன் கார்டு பெறுவோர்க்கு விலக்கு இல்லை என்றே கூறலாம். அறியாமல் இட்ட அந்தக் கோட்டினால், பின்னர் நடக்கும் மெய்யான திருமணமும் பயனற்றுப் போகிறது.

அங்கே உறவினர் இருப்பின் அவர்களுக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள். பிள்ளை வந்திறங்கிய காலத்துப் பழைய கடவுச்சீட்டை, காலாவதியாயிற்றே என்று எறிந்துவிட வேண்டா. அதில் முத்திரையுள்ள பக்கமும், நுழைவுச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வந்த பள்ளி மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசிப் பதிவுகள், மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கட்டும். எந்த ஆண்டில் எங்கே இருந்தான் என்பதற்கு அவைதாம் சாட்சி. வாப்பாவின் பெயரிலோ, உம்மாவின் பெயரிலோ 2001 ஏப்ரல் 30க்குள் எந்த உறவினராவது, முதலாளியாவது ஒரு மனுப் போட்டிருந்தாரா என்று கேட்டுப் பார்க்கட்டும். அன்று போட்டு மறந்துவிட்ட தாளொன்று, அபராதம் கட்டி உள்ளிருந்தே நிலையைச் சரிசெய்யும் உரிமையை அவர்களுக்கும், அன்று சிறுவராக இருந்த பிள்ளைகளுக்கும் அளிக்கக்கூடும். இவற்றை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் படிவம் நிரப்பித் தருவோரிடம் போகாமல், உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் செல்ல வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவர்க்குச் சட்டக் கல்லூரிகள் பல நடத்தும் இலவச ஆலோசனை மையங்கள் உள்ளன. பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.